ஷட்டில் பழகும் பிள்ளைகளுக்கு மனப் பயிற்சி: படிக்கட்டில் கேட்ட கேள்விகள்

வடசென்னையில் வியாசர்பாடிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஹாலில் காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளுக்கு ஷட்டில் (பேட்மிண்டன்) சொல்லித் தருகிறேன். வாசலில் நான்கு படிக்கட்டு. கூட்டி வரும் அப்பா அம்மாக்கள் அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். பயிற்சி முடிந்து நான் வெளியே வந்ததும் கேள்விகள் தொடங்கும். பேட்டை எப்படிப் பிடிப்பது என்று ஒருவரும் கேட்டதில்லை. "பயப்படுறான்", "அழுவுறா", "கவனமே நிக்கல" என்பதுதான் தினமும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை விட்டிருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. கோர்ட்டில் பார்த்தது, படித்துத் தெரிந்துகொண்டது, தப்புப் பண்ணித் திருந்தியது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

"மனப் பயிற்சின்னா இன்னா மாஸ்டர்? கண்ண மூடி தியானமா?"

தியானம் நல்லதுதான், ஆனால் நான் சொல்வது அது இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளின் மேட்ச் ஒன்றை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு ராலி, அதாவது சர்வீஸிலிருந்து ஷட்டில் கீழே விழும்வரை நடக்கிற ஆட்டம், நாலைந்து அடியில் முடிந்துவிடும். அப்புறம் ஷட்டிலைக் குனிந்து எடுப்பது, எதிராளியிடம் தள்ளிவிடுவது, தன் இடத்துக்கு நடந்து வருவது, சர்வீஸுக்கு நிற்பது. மேட்ச் நேரத்தில் பெரும்பகுதி இப்படி ஆடாமல் நிற்கிற நேரம்தான். அந்த நேரத்தில் பையன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதை அவன் கையில் கொடுப்பதுதான் மனப் பயிற்சி.

கண் எங்கே இருக்க வேண்டும், மூச்சை என்ன செய்ய வேண்டும், தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும்தான். ஸ்மாஷ் பழகுகிற மாதிரி இதையும் தினமும் பழக வேண்டும். மேட்ச் அன்று காலையில் பையில் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து எடுத்து வைக்கிற சாமான் இல்லை இது.

"எட்டு வயசுப் பாப்பாவுக்கு இதெல்லாம் புரியுமா?"

விளக்கினால் புரியாது, விளையாட்டாகச் செய்தால் செய்வார்கள். எட்டு வயதுக்கு நான் தருவது ஒன்றே ஒன்று: ஷட்டிலில் எதிராளியின் பேட் படுகிற அதே நொடியில் "ஹிட்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஷட்டிலைத் தவிர வேறு எதையும் பார்த்தால் அந்த வார்த்தை முன்னே பின்னே போய்விடும், மற்ற பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். கவனத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பத்து, பதினொன்றில் ஒரு வார்த்தை, ஒரு மூச்சு என்று சேர்க்கலாம். மனதுக்குள் ஆடிப் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதும் பன்னிரண்டுக்கு மேல்.

"மொதல்ல ஆட்டம் ஒழுங்கா கத்துக்கட்டும், மனசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமே?"

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பிள்ளைகள் நாம் சொல்லித் தராவிட்டாலும் ஒரு மனப் பழக்கத்தைத் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள் என்று. தப்பு அடித்ததும் அப்பா முகத்தைப் பார்ப்பது, பேட் வலையைத் தட்டிப் பார்த்துக் குறையை அதன்மேல் போடுவது, அவசரமாக அடுத்த சர்வீஸைப் போட்டுத் தொலைப்பது. இரண்டு வருடம் ஊறிய பிறகு இதைப் பிடுங்குவது கஷ்டம்.

சர்வீஸில் ஆரம்பியுங்கள். ஷட்டிலில் எதிராளி அவசரப்படுத்தாமல் நாமே தொடங்குகிற ஒரே அடி அதுதான். எங்கள் ஹாலில் ஒரு பெண் இருக்கிறாள், ஆறாம் வகுப்பு. சர்வீஸுக்கு முன் அவள் செய்வதைச் சொல்கிறேன். வலது காலைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து லேசாகத் தேய்ப்பாள். பேட்டை விரலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் கிரிப்பை மறுபடி பிடிப்பாள். நெட்டுக்கு அந்தப் பக்கம் ஷட்டில் விழ வேண்டிய இடத்தைப் பார்ப்பாள். வாய் லேசாகத் திறந்து மூச்சு வெளியே போகும். சர்வீஸ். எல்லாம் சேர்த்து நாலைந்து நொடி. 0-0 என்றாலும் 19-19 என்றாலும் அதே வரிசை, அதே வேகம். ஆரம்பத்தில் அவள் பாட்டி "என்னாடி கோலம் போடப் போறவ மாதிரி காலைத் தேக்கிற" என்று கிண்டல் செய்தார். இப்போது அந்தத் தேய்ப்பு வராவிட்டால் பாட்டிக்கே பதற்றம் வருகிறது.

உங்கள் பிள்ளைக்கும் இதே வரிசை வேண்டும் என்பதில்லை. மூன்று நான்கு செயல், அவர்களே தேர்ந்தெடுத்தது, எப்போதும் மாறாதது. கடைசியில் மூச்சு வெளியே போக வேண்டும். அது மட்டும் என் நிபந்தனை.

"நாங்க தெருவுலதான் ஆடுறோம். காத்து, லாரி, ஹார்ன். இதுல கவனம் எங்க நிக்கும்ணா?"

இதைக் கேட்டது தண்டையார்பேட்டைப் பையன். இரண்டு கம்பத்துக்கு நடுவே நெட் கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு ஆடுகிறார்கள். சாயங்காலம் கடல் காற்று எழும்பினால் பிளாஸ்டிக் ஷட்டில் கூட எங்கோ போகும். அது அடிக்கிற கையைக் கெடுக்கும் என்பது உண்மை. காற்றுக்கு ஏற்ப இழுத்து அடித்துப் பழகி, ஹாலுக்குள் வந்ததும் எல்லாமே அவுட் ஆகும்.

ஆனால் மனதுக்கு அந்தத் தெரு ஒரு பெரிய வரம். ராலி நடுவில் யாராவது "வண்டி!" என்று கத்துவார்கள். எல்லோரும் ஒதுங்க வேண்டும், ஒருவன் நெட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆட்டோ போக வேண்டும், மறுபடி அதே ஸ்கோரில் தொடங்க வேண்டும். சூடாக இருக்கும்போது நிறுத்துவது, ஆறியபின் மறுபடி சூடாவது. காசு கொடுத்து ஹாலில் பழகுகிற பிள்ளைக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. அதனால் எங்கள் ஹாலில் நானே சில நாள் ராலி நடுவில் "வண்டி!" என்று கத்துகிறேன். ஆட்டத்தை நிறுத்தி, முன் பதிலில் சொன்ன சர்வீஸ் வரிசையோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரம் சிரிப்பாகச் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது.

தெருவில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வேலை: சத்தத்தைக் கேட்காமல் இருக்க முயற்சி செய்யாதீர்கள். அது முடியாது. ஹார்ன் கேட்டால் "ஹார்ன்" என்று மனதுக்குள் பெயர் சொல்லிவிட்டு, கண்ணை ஷட்டிலின் கார்க் பக்கம் கொண்டுபோங்கள். விரட்டினால்தான் சத்தம் பெரிதாகும்.

"மூச்சு விடு மூச்சு விடுன்றீங்க. மேட்ச் நடுவுல அம்பயர் சும்மா இருப்பாரா?"

வேண்டுமென்றே நேரம் கடத்தினால் அம்பயர் எச்சரிப்பார், அது விதியிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு மூச்சுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூன்று எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை வாயால் வெளியே. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதுதான் இதன் சூட்சுமம். "ஆழமா மூச்சு இழு" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் நெஞ்சை விடைத்துத் தோளைத் தூக்கிக்கொண்டு இன்னும் விறைப்பாக நிற்பார்கள்.

பெரிய மூச்சுகளுக்கு விதியே இடம் தருகிறது. 21 புள்ளி ஆட்டத்தில் முதலில் ஒருவர் 11 தொட்டதும் 60 நொடி இடைவேளை. ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே 120 நொடி. அந்த 60 நொடியில் முதல் பாதி தண்ணீரும் மூச்சும், பேச்சு கிடையாது. மீதியில் நான் ஒரே ஒரு விஷயம் சொல்வேன். நாலு விஷயம் சொல்கிற மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். பையன் தலையாட்டுவான். ஒன்றும் ஏறியிருக்காது.

"வூட்டாண்ட சூப்பரா ஆடுறான். மேட்ச்னா கை காலு நடுங்குது, வயித்தக் கலக்குதுன்றான். இன்னா பண்றது?"

முதலில், அது நோய் இல்லை என்று அவனுக்குச் சொல்லுங்கள். உடம்பு ஓடுவதற்குத் தயாராகும்போது ரத்தம் பெரிய தசைகளுக்குப் போகும், வயிற்றுக்கும் தோலுக்கும் குறையும். அதனால்தான் வயிறு கலக்குவது, கை சில்லிடுவது எல்லாம். இதை "பயம்" என்று பெயர் வைத்தால் பயம். "உடம்பு ரெடியாயிடுச்சு" என்று பெயர் வைத்தால் அதே நடுக்கம் வேறு மாதிரி இருக்கும். "பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், பயப்படுவதோடு பயப்படுவதும் தப்பு என்ற பாரமும் சேர்ந்துகொள்ளும்.

பதற்றம் முதலில் வெளிப்படுவது கிரிப்பில். விரல் வெளுக்கும் அளவு பிடித்திருப்பார்கள், மணிக்கட்டு ஓடாது, நெட்டைத் தாண்டி மெதுவாக விழ வேண்டிய டிராப் எல்லாம் நெட்டிலேயே விழும். அதற்கு ஒரு வைத்தியம்: பேட்டை முழு பலத்தோடு ஐந்து நொடி நசுக்கிப் பிடித்து, சட்டென்று தளர்த்து. இரண்டு முறை. தசையை இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன்பே உருவாக்கினார். அவர் உடம்பு முழுக்கச் செய்யச் சொன்னார். நமக்கு ஒரு கை போதும். தோளும் இறுகினால் காதுவரை தூக்கி விடச் சொல்லலாம்.

மற்றபடி சாதாரண விஷயங்கள். முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். கோர்ட்டை ஒரு சுற்று நடந்து பார்க்கட்டும், கூரை விளக்கு எந்தப் பக்கம் கண்ணில் அடிக்கிறது என்று தெரியட்டும். இட்லி இரண்டு போதும், பூரி வேண்டாம். பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடிவந்து நேராகக் கோர்ட்டில் ஏறினால் எந்த மூச்சுப் பயிற்சியும் காப்பாற்றாது.

"ஒரு தப்பு அடிச்சா போச்சு, அடுத்து அஞ்சு பாயின்ட் வரிசையா உட்றான்."

இதுதான் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. பாருங்கள், தப்பு ஒன்றுதான். அடுத்த ஐந்தும் அந்த முதல் தப்பைப் பற்றி யோசித்துக்கொண்டே ஆடியதால் போனவை.

நாங்கள் இதற்கு ஷட்டிலையே வைத்துக்கொண்டோம். இறகு ஷட்டிலில் 16 இறகு இருக்கும். அடிபட்டால் ஒன்றிரண்டு கலையும், எல்லோரும் விரலால் நீவிச் சரிசெய்வார்கள். பெரிய ஆட்டக்காரர்களும் செய்வதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொன்னது: தப்பு அடித்தால் ஷட்டிலை எடு. கலைந்த இறகை நீவு. நீவுகிற நேரம் மட்டும் அந்தத் தப்பை நினைக்கலாம், திட்டிக்கொள்ளக்கூடச் செய்யலாம். ஷட்டில் கையைவிட்டு எதிராளியிடம் போனதும் அந்தத் தப்பும் அதோடு போனது. ஷட்டில் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் பேட் வலையின் நரம்பை விரலால் நேராக்கு, அதே கணக்கு. "மறந்துடு" என்று வெறுமனே சொன்னால் மறப்பதில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்து, அந்த வேலைக்கு ஒரு முடிவும் வைத்தால் மனசு கூடவே வருகிறது.

மூன்று மாதமாவது ஆகும். பயிற்சி ஆட்டத்தில், எதுவும் பணயமில்லாத நாளில், ஒவ்வொரு தப்புக்கும் செய்யவைக்க வேண்டும். கோபம் உச்சியில் இருக்கும்போது புதிதாக எதுவும் வராது.

"தோத்தா பேட்டைத் தரையில அடிக்கிறான். ஆயிரத்து எட்நூறு ரூபா பேட்டு மாஸ்டர்!"

அழுவதும் பேட்டை அடிப்பதும் வேறு வேறு. அழட்டும். ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் அழுகிற வயசு அது. "ஆம்பளப் பையன் அழலாமா" என்று யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால் அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

பேட்டை அடிப்பதற்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேட்ச்சில் அம்பயர் மஞ்சள் அட்டை காட்டுவார், மறுபடி செய்தால் சிவப்பு அட்டை, எதிராளிக்கு ஒரு புள்ளி. ஹாலில் என் விதி: பேட் தரையைத் தொட்டால் அன்றைக்கு மீதி நேரம் ஸ்கோர் எழுதுகிற வேலை. கத்துவதில்லை, பிரசங்கம் இல்லை. ஸ்கோர் எழுதும்போது மற்றவர்கள் தப்புக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்று பார்க்க முடிகிறது. அது எதிர்பாராத லாபம்.

"மனசுக்குள்ள ஆடிப் பாக்கச் சொன்னீங்க. கண்ண மூடினா தூங்கிட்றா."

படுத்துக்கொண்டு செய்யச் சொன்னால் தூக்கம்தான் வரும், அதுவும் காலை ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளைக்கு. நிற்கச் சொல்லுங்கள். கையில் பேட் இருக்க வேண்டும், காலில் ஷூ இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு நிமிஷம், ஒரே ஒரு அடி. தன் கண்ணால் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும், டிவியில் தன்னைப் பார்க்கிற மாதிரி இல்லை. ஷட்டில் எங்கிருந்து வருகிறது, கால் எத்தனை எட்டு, பேட்டில் படும் சத்தம், தகரக் கூரையின் புழுக்கம் வரை இருக்க வேண்டும். வேகமும் நிஜ வேகம். படம் ஓடும்போது தப்பு வந்தால் நிறுத்தி, திரும்ப ஓட்டலாம்.

இது பயிற்சிக்குப் பதில் ஆகாது. அடிக்கத் தெரிந்த அடிக்குத்தான் இது உதவும். தெரியாத அடியைத் தப்புத் தப்பாகவே மனதில் ஓட்டுவார்கள். ஹால் கிடைக்காத நாள், மழை நாள், கால் சுளுக்கிய வாரம், இவற்றுக்கு நன்றாக உதவும். பத்துக்குப் பத்து வீட்டில் ஷேடோ (ஷட்டில் இல்லாமல் ஆடிப் பழகுவது) ஆடக் கூட இடமில்லையே என்று கொருக்குப்பேட்டை அம்மா ஒருவர் சொன்னார். மொட்டை மாடி, துணி காயும் கயிறு, அதுதான் நெட். அவர் மகள் அங்கேதான் செய்கிறாள்.

"கான்பிடன்ஸ் வர்றதுக்கு 'நீதான் பெஸ்ட்'னு தினமும் சொல்றேன். சரிதானே?"

அன்பு சரி, வாக்கியம் சரியில்லை. 1998-இல் கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. புதிர்களைச் சரியாகப் போட்டதும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்றார்கள். பிறகு கஷ்டமான புதிர் வந்து சறுக்கியபோது, புத்திசாலி என்று கேட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்குப் பாராட்டுக் கேட்டவர்கள் விடாமல் போட்டார்கள். "நீதான் பெஸ்ட்" என்று கேட்டு வளர்ந்த பையன் 21-6-இல் தோற்றால் அந்தப் பட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "பின்னாடி போன ஷட்டிலுக்கு இன்னைக்கு மூணு தடவ ஓடிப் போன." அது பொய்யாக முடியாது.

பிள்ளை தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற வார்த்தையும் அப்படித்தான். "நெட்ல அடிக்காத" என்றால் மனசில் வருவது நெட்தான். செய்ய வேண்டியதைச் சொல்லும் ஒரு சொல் போதும்: "மேல", "மூலை", "பொறுமை". முடிந்தவரை உடம்பைப் பற்றி இல்லாமல் ஷட்டில் போக வேண்டிய இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். "முழங்கையைத் தூக்கு" என்பதைவிடப் "பின்கோடு" என்றால் கை தன்பாட்டுக்கு ஓடும். கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைப் பல விளையாட்டுகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

"18-12 லீடிங்ல இருந்தா மாஸ்டர். அங்கேர்ந்து தோத்தா. எப்புடி?"

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஷட்டில் அரையிறுதியில் நம் நாட்டு லக்‌ஷயா சென் டென்மார்க்கின் ஆக்சல்சனுக்கு எதிராக முதல் செட்டில் 20-17 முன்னிலையில் இருந்தார், 20-22 என்று விட்டார். இரண்டாவதில் 7-0 என்று போனார், 14-21 என்று முடிந்தது. உங்கள் மகள் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறாள்.

18-12 என்றால் மனசு கோர்ட்டைவிட்டுக் கிளம்பிவிடும். யாரிடம் முதலில் சொல்வது, கப்பை எங்கே வைப்பது என்று போய்விடும். அல்லது இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கும். அதுவரை மூலைக்கு அடித்தவள் நடுவில் தட்டிவிட ஆரம்பிப்பாள். எதிராளிக்கோ இழக்க எதுவும் இல்லை, கை வீசி ஆடுவாள்.

இரண்டு வழி. ஒன்று, ஸ்கோரைத் துண்டாக்குவது. 18-12 இல்லை, "அடுத்த மூணு" என்று மட்டும். மூன்றில் இரண்டு எடுத்தால் ஒரு துண்டு முடிந்தது, திரும்ப அடுத்த மூணு. பின்தங்கியிருந்தாலும் இதே கணக்கு. இன்னொன்று, பயிற்சி ஆட்டத்தை 18-12-இல் ஆரம்பிப்பது. இன்று நீ 18, நாளை நீ 12. வாரம் இரண்டு நாள் இப்படி ஆடினால் அந்த ஸ்கோர் பழகிய இடமாகிவிடும். 20-20 வந்தால் இரண்டு புள்ளி முன்னே போக வேண்டும், 29-29 என்றால் 30-ஐ முதலில் தொடுபவர்க்கு செட். இதுவும் பல பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியாமல் நிற்பதே பாதிப் பதற்றம். அங்கிருந்தும் ஆடிப் பார்க்க வேண்டும்.

"நாங்க மேட்ச் பாக்க வரலாமா, வேணாமா? நாங்க வந்தாதான் தோக்குறான்."

இதற்கு என் கதையையே சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் ஒரு உள்ளூர்ப் போட்டி. என்னிடம் நன்றாகப் பழகிய பையன், பதினோரு வயது. ஒவ்வொரு புள்ளிக்கும் நான் ஓரத்தில் இருந்து கத்திக்கொண்டிருந்தேன். "பின்னாடி! பின்னாடி போ! டாஸ் போடு! ஏன்டா டிராப்?" இரண்டாவது செட் நடுவில் அவன் ஷட்டிலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அடித்துவிட்டு என்னைப் பார்த்தான், அடித்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒரு கட்டத்தில் ஷட்டில் அவன் பக்கத்தில் வந்து விழுந்தது, கை தூக்கவே இல்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவனை மனசால் ஆட விடாமல் செய்தது எதிராளி இல்லை, நான்தான்.

வாருங்கள். உட்காருங்கள். கை தட்டுங்கள், இரண்டு பக்கத்துக்கும் தட்டினால் இன்னும் நல்லது. அடி சொல்லித் தராதீர்கள், தப்புக்கு "ச்ச" என்று நாக்கைத் தட்டாதீர்கள். அந்தச் சின்னச் சத்தம் கோர்ட்டின் கடைசி மூலைவரை கேட்கும். முகத்தை மாற்றத் தெரியாதவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) பிள்ளையின் முதுகுப் பக்கம் உட்காரலாம். செட் மாறும்போது பக்கமும் மாறுவார்கள், நீங்களும் எழுந்து மாறுங்கள், நடந்ததுபோல் ஆச்சு.

"தோத்துட்டு வர்றப்ப வண்டில என்னா பேசறது?"

ஒன்றும் பேச வேண்டாம். "பசிக்குதா?" மட்டும். அன்று ராத்திரியோ மறுநாளோ அவனாக எடுத்தால் பேசலாம். எடுக்காவிட்டால் "எந்த ராலி புடிச்சிருந்தது?" என்று ஒரு கேள்வி. பி.வி. சிந்து 2017 உலகப் போட்டி இறுதியில் ஜப்பானின் ஒகுஹாராவிடம் 110 நிமிடம் ஆடி 19-21, 22-20, 20-22 என்று தோற்றார். 2018 இறுதியிலும் ஸ்பெயினின் மரினிடம் தோல்வி. 2019 இறுதியில் அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என்று வென்றார். இதை ஜெயித்த நாள் சொல்லுங்கள், பிள்ளை ரசிப்பான். தோற்ற நாளில் சொன்னால் அது அறிவுரை ஆகிவிடும், காதில் விழாது.

"பெரிய அகாடமி புள்ளைங்க ஷூ, பேக்கு பாத்தாலே எம் பையன் சுருங்கிட்றான்."

உண்மையான பிரச்சினைதான். "அதெல்லாம் பாக்காத" என்று தள்ளிவிட முடியாது. ஒருவன் தோளில் ஆறு பேட் மாட்டிக்கொண்டு வருகிறான், நம் பையன் ஒரே பேட்டைத் துணிப் பையில் கொண்டுவருகிறான். நரம்பு அறுந்தால் மேட்ச் முடிந்தது. அந்தப் பயம் மனதில் இல்லை, பையில் இருக்கிறது. அதனால் எங்களிடம் பொதுவாக இரண்டு பேட் வைத்திருக்கிறோம், போட்டிக்குப் போகிறவன் எடுத்துப் போகலாம். தெருவில் பிளாஸ்டிக் ஷட்டிலில் ஆடுகிறவர்கள் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமாவது பழைய இறகு ஷட்டிலில் ஆட வேண்டும். வேகம், விழும் விதம் எல்லாம் வேறு. முதல் செட்டில் வருகிற பாதித் தாழ்வு மனப்பான்மை உண்மையில் ஷட்டில் பழகாததால் வருவது.

வார்ம்-அப்பில் எதிராளியின் சாமானைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள்: அவனுடைய பேக்ஹேண்ட் எப்படி என்று கண்டுபிடித்து வந்து என்னிடம் சொல்ல வேண்டும். ஷூவைப் பார்க்க நேரம் இருக்காது. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் எடுத்து வந்ததை எங்கள் பிள்ளைகளே என்னிடம் வந்து சொன்னார்கள். நான் எடுத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது.

"மாஸ்டர், அவன் ஏமாத்துறான். உள்ள விழுந்தத அவுட்டுன்றான்!"

சின்னப் போட்டிகளில் லைன் பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள், இது நடக்கும். ஒரு முறை கையைத் தூக்கி அம்பயரிடம் மரியாதையாகக் கேள். அவர் சொன்னதுதான் முடிவு. அப்புறம் இறகு நீவல், முன்னே சொன்னதுதான். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி அடி, சந்தேகத்துக்கே இடம் வேண்டாம்.

உன் பக்கம் விழுந்தது உள்ளே என்று உனக்குத் தெரிந்தால் நீயே சொல்லிவிடு. நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஏமாற்றிய புள்ளி அடுத்த மூன்று ராலிக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும், நான் அனுபவித்திருக்கிறேன்.

"பரீட்சை வருது. ரெண்டு மாசம் நிறுத்திடட்டுமா?"

முழுதாக நிறுத்த வேண்டாம். வாரம் இரண்டு நாள் வரட்டும். மூன்று எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிற அந்த மூச்சு பரீட்சை ஹாலிலும் வேலை செய்யும், கேள்வித்தாள் கையில் வந்ததும் ஒன்று.

"எல்லாம் பண்ணியாச்சு. இப்ப ஆடவே புடிக்கலன்றான். மனப் பயிற்சி பத்தலையா?"

இங்கே நான் எழுதிய எதையும் செய்யவைக்காதீர்கள். முதலில் தூக்கம், சாப்பாடு, வலி இவற்றைப் பாருங்கள். முழங்கால் வலியைச் சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று மறைத்த பிள்ளை இருந்தாள். அப்புறம் கேளுங்கள், தனியாக, கோபமில்லாமல்: யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, தொடக்கூடாத மாதிரி தொடுகிறார்களா என்று. மாஸ்டரைப் பற்றியும் கேளுங்கள், என்னைப் பற்றியும்தான். அப்படி ஏதாவது இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்.

சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த எதிலும் மனசில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்வதாகப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே.

இவை எதுவுமே இல்லாமல் வெறுமனே பிடிக்காமலும் போகலாம். போன வருடம் ஒரு பையன் அப்படித்தான் என்னிடம் வந்து, பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால்பந்துக்குப் போகப் போகிறேன் என்றான். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியில் பிறந்தவன், ஆச்சரியம் என்ன. இப்போதும் சில நாள் காலையில் கிரவுண்டுக்குப் போகிற வழியில் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுகிறான். பெனால்டி அடிப்பதற்கு முன்னால் காலைத் தேய்த்து மூச்சு விடுகிறானாம். அவன் அம்மா சொன்னார்.